விடலைப் பருவமும் இந்தியச் சிறுகதையும்

குழந்தையைப் பாடுவதற்கென்று பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை வகுத்து வைத்தார்கள் நம் முன்னோர். காப்புப் பருவம் முதலாகப் பத்துப் பருவங்கள். ஆண்பிள்ளையாயின் சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டுவதோடு அப்பாட்டு முடிந்துவிடும். அதன்பின் பருவம் பிரித்துப் பாடும் நூல் எதுவென்று தேடினால் உலா வருகிறது. அங்கே பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் வீதியிலே பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினள் மங்கை. அவளுக்கும் அங்கே காதலன்றி வேறு தொழில் கிடையாது. சிறுதேர் உருட்டி முடித்துவிட்டு, உலா வரும் வயதையும் எட்டாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணை மூலையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பழைய இலக்கியத்தில் இடம் எங்கே என்று நாம் பலமுறை தேடிப் பார்த்ததுண்டு. அகப்படவில்லை.

புலவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வாறு உட்கார்ந்திருப்பதற்கு அக்காலத்துப் பையனுக்கு ஒழிவு ஏது? பத்து வயதில் மாட்டின் பின்னால் போனான். பன்னிரண்டில் தறியிலோ கடையிலோ களத்திலோ தகப்பனுக்குக் கைத்துணையானான். பெண்ணோ அந்த வயதில் மாமியார் வீட்டு அடுப்படியில் இருந்தாள். குழந்தைக்கும் குடும்பஸ்தனுக்கும் இடையே நீண்டதொரு வெற்றிடம் தோன்றியது இங்கிலீஷ் படிப்பு வந்த பிறகுதான். 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. அவற்றின் பிரவேசப் பரீட்சையைத் தாண்டினால் உத்தியோகம் கிட்டும் என்ற ஆசை கிராமத்து வீடுகள்வரை பரவிற்று. பிள்ளையை மாமன் வீட்டிலோ சித்தப்பன் வீட்டிலோ பட்டணத்துச் சத்திரத்திலோ விட்டுப் படிக்க வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. உழைப்பதற்கும் உரியவனல்லன், கொஞ்சுவதற்கும் உரியவனல்லன் என்னும் புதியதொரு மனிதன் அப்போதுதான் நம் நாட்டு வீடுகளில் தோன்றினான். அவனை முதன்முதலில் நின்று உற்றுப் பார்த்து எழுதியது, நாம் படித்தறிந்தவரையில், வங்கத்துச் சிறுகதையே.

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் தம் குடும்பத்து ஜமீன் நிலங்களை மேற்பார்வையிடும் பொருட்டு 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கு வங்கத்து நதிக்கரைகளுக்குச் சென்றார். சிலைதஹ, ஷாஜாத்பூர், பதிசர் என்னும் அவ்வூர்கள் இன்று வங்காள தேசத்தில் உள்ளன. படகு வீட்டிலே தங்கிக் கரையோரத்து வாழ்க்கையைக் கண்டு, தம் அண்ணன் மகளுக்குக் கடிதங்களாக எழுதி வந்தார். 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஷாஜாத்பூரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றிலே ஒரு சிறு காட்சி வருகிறது. ஆற்றங்கரையில் பெரியதொரு பாய்மரம் கிடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் கூடிக் கூச்சலிட்டு அதை உருட்டி விளையாட, ஒரு சிறு பெண் வந்து அம்மரத்தின்மேல் அமைதியாக உட்கார்ந்துகொண்டு விளையாட்டைக் கெடுக்கிறாள். பார்த்தவர் வேறொருவராயின் சிரித்துவிட்டுப் போயிருப்பார். தாகூரோ அதனை மனத்தில் ஊற வைத்து, 1892-ஆம் ஆண்டின் இறுதியில், ‘சாதனா’ என்னும் மாதப் பத்திரிகையில் ‘சுட்டி’ என்ற கதையாக எழுதினார். வங்க மொழியில் அச்சொல்லுக்கு விடுமுறை என்று பொருள். நம் தமிழில் சுட்டி என்றால் குறும்புப் பிள்ளை. இரண்டு பொருளும் இக்கதைக்குப் பொருந்துவது தற்செயலேயாயினும் எண்ணி மகிழத்தக்கது.

கதையிலே மரத்தின்மேல் ஏறி உட்காருபவன் தம்பி மாக்கன். உருட்டச் சொல்பவன் பையன்களின் தலைவனாகிய படிக். தம்பி விழுந்து, வீட்டுக்கு ஓடி, அண்ணன் அடித்தான் என்று தாயிடம் புகல, தகப்பனில்லாத அந்த வீட்டில் வழக்கு நடக்கிறது. அவ்வேளையில் மேற்குச் சீமையிலிருந்து திரும்பிய மாமன் விசுவம்பரர் வந்து சேர்கிறார். படிக்கைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைப்பதாகச் சொல்கிறார். தாய்க்குச் சுமை குறைந்தது. படிக்கோ தலைகால் தெரியாத மகிழ்ச்சியில் துள்ளுகிறான். தூண்டில், பட்டம் முதலிய யாவற்றையும் தம்பிக்கே நிரந்தரப் பாத்தியதையாகக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறான். இந்த இடத்தைக் கடந்துபோக நமக்கு ஒருபோதும் மனம் வருவதில்லை. சொத்துப் பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவனைப் போன்ற அந்தப் பெருந்தன்மையில், தான் திரும்பி வரப்போவதில்லை என்பதை அறியாத ஒரு பிள்ளையின் முழு உருவமும் நிற்கிறது.

கல்கத்தாவில் மாமிக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். கிராமத்திலிருந்து வந்த நான்காவது பையன் அவளுக்கு வேண்டாத விருந்து. இங்கேதான் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு, பதின்மூன்று, பதினான்கு வயதைப் பற்றிச் சிறிது பேசுகிறார். அந்த வயதுப் பையன் மழலை பேசினால் அசடு, பெரியவனாகப் பேசினால் அதிகப்பிரசங்கி. குரல் உடைகிறது, உடுப்பு குட்டையாகிறது. இரண்டையும் அவன் செய்த குற்றமாகவே உலகம் கருதுகிறது. அன்புக்கு ஏங்குவதும் அந்த வயதில்தான், அதைக் கேட்க வெட்குவதும் அந்த வயதில்தான். கதைக்கு நடுவே இத்தகைய விரிவுரை பொருந்துமா என்று இலக்கணம் பேசுவோர் கேட்கலாம். நமக்கோ, இந்தப் பத்தி இல்லாவிட்டால் கதையே இல்லை என்று படுகிறது. பெற்றோர்களின் காதில் ஓத வேண்டியதை ஓதிவிட்டுத்தான் அவர் மேலே செல்கிறார்.

படிக் பள்ளியில் வாய் திறப்பதில்லை. அடி விழுந்தால் பொதி சுமக்கும் கழுதையைப்போல் தாங்கிக்கொள்கிறான். இடைவேளையில் மற்றவர் விளையாட, இவன் சன்னலண்டை நின்று தூரத்து வீட்டு மாடிகளைப் பார்க்கிறான். விடுமுறை எப்போது வரும் என்று மாமனைக் கேட்கிறான்; பூஜை விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாடப் புத்தகம் தொலைகிறது. மாமியிடம் சொன்னால், மாதத்துக்கு ஐந்து முறை புத்தகம் வாங்க முடியாது என்று விழுகிறாள். காய்ச்சல் காண்கிறது. நோயாளியாகி மாமிக்குத் தொல்லை தரக்கூடாது என்று எண்ணி, மழையிலே வீட்டை விட்டு வெளியேறுகிறான். நனைந்து நடுங்கும் அவனைப் போலீசார் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஜன்னியிலே, ஊரிலிருந்து வந்தபோது நீராவிக் கப்பலில் கலாசிகள் கயிறு விட்டு நீரின் ஆழத்தைக் கூவிச் சொன்னதை அவன் முனகுகிறான். அவன் இறங்கிக்கொண்டிருக்கும் நீருக்கு அடி அகப்படவில்லை. தாய் வந்து சேரும்போது அவனுக்கு விடுமுறை வந்துவிட்டது.

இக்கதை வெளிவந்த அதே பருவத்தில் அதே ‘சாதனா’வில் கல்வியைப் பற்றித் தாகூரின் கட்டுரை ஒன்றும் வந்தது. 1892-இல் ராஜசாஹியிலே அவர் படித்த ‘சிக்ஷார் ஹேர்பேர்’ என்னும் அக்கட்டுரை, அன்னிய மொழியில், ஆனந்தம் சிறிதுமின்றி, அத்தியாவசியமானதை மட்டும் திணிக்கும் படிப்பு பிள்ளையின் மனத்தை வளரவிடாது என்று வாதாடுகிறது. கட்டுரையில் வாதம், கதையில் சாட்சி. தாமே பல பள்ளிகள் மாறியும் எதிலும் நிலைக்காமல், பதினான்காம் வயதில் தாயை இழந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டவர் அவர். 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் ஐந்தே மாணாக்கருடன் மரத்தடிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். படிக் இறந்து ஒன்பது ஆண்டு கழித்துத் திறந்த பள்ளி என்று நாம் அதனை நினைத்துக்கொள்வதுண்டு. வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புவார்களோ, மாட்டார்களோ.

1895-இல் இதே பத்திரிகையில் வந்த ‘ஆபத்’, ‘அதிதி’ என்னும் இரு கதைகளும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே. ‘அதிதி’யின் தாராபதன் எந்த வீட்டு அன்பையும் ஏற்றுக்கொண்டு எந்த வீட்டிலும் தங்காதவன், கல்யாண ஏற்பாடு முடிந்த நேரத்தில் மறைந்துவிடுகிறான். 1965-இல் தபன் சின்ஹா அதைப் படமாக்கினார். அழகிய கதைதான், எனினும் ‘ஆபத்’தே நம்மை அதிகம் வருத்துவது. நாடகக் கூட்டத்திலே பெண் வேஷம் கட்டி, வளர்ச்சி முடங்கிப்போன நீலகாந்தன் என்னும் பிள்ளை, படகு கவிழ்ந்து, சந்திரநாகூரில் ஒரு குடும்பத்தாரின் தோட்ட வீட்டில் கரையேறுகிறான். வீட்டுத் தலைவி கிரணின் பரிவு அவனுக்குக் கிட்டுகிறது. அவள் கொழுந்தன் சதீஷ் வந்ததும் அப்பரிவு பங்கு போகிறது. பொறுக்கமாட்டாமல் கொழுந்தனின் அழகான மைக்கூட்டை ஒளித்து வைக்கிறான். அவனுக்குத் தெரியாமல் பெட்டியில் பரிசுகள் வைக்கப்போன கிரணின் கையிலேயே அது அகப்படுகிறது. அவள் வாய் திறக்கவில்லை. இருந்தபடியே வைத்துவிடுகிறாள். மறுநாள் பையன் இல்லை. பிறர் பெட்டியைச் சோதிக்க முனைந்தபோது, அதைத் தன் அறைக்குக் கொண்டுவரச் செய்து, மைக்கூட்டை எடுத்துக் கங்கையில் எறிந்துவிடுகிறாள். திருடியது ஏன் என்று தெரிந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள். அதை அவனிடம் சொல்லத்தான் வாய்க்கவில்லை.

பெண்பிள்ளையின் கதை வேறு. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே நாடு அமளிப்பட்ட காலம் அது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்த சாரதா சட்டமும் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காகத்தான் வைத்தது, பதினெட்டானது 1978-இல். ஆகவே மூலையில் உட்கார்ந்து முகம் சுளிக்கும் உரிமை பெண்ணுக்கு வருவதற்கு நெடுங்காலம் பிடித்தது. இருப்பினும் 1893-லேயே தாகூர் ‘சமாப்தி’யில் மிருண்மயியைப் படைத்துவிட்டார். 1891 ஜூலையில் ஷாஜாத்பூர்த் துறையில், மயிரைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்ணைப் புக்ககத்துக்குப் படகேற்றி அனுப்பியதை அவர் கண்டார். அதுவே இக்கதைக்கு வித்து. பட்டம் பெற்று ஊர் திரும்பும் அபூர்வன் சேற்றில் வழுக்கி விழ, கலகலவென்று சிரிக்கிறாள் மிருண்மயி. அவளையே அவன் மணக்கிறான். அவளோ மணவாழ்வை ஏற்க மறுத்து முரண்டு பிடிக்கிறாள். 1961-இல் சத்யஜித் ராய் எடுத்த ‘தீன் கன்யா’ படத்தில் இக்கதையும் ஒன்று.

இந்தக் கதையிலே ரயில்வேக்காரர்களாகிய நாம் உற்று நோக்கவேண்டிய ஒருவர் இருக்கிறார். மிருண்மயியின் தகப்பனார் ஈசானர், நீராவிக் கப்பல் கம்பெனியின் குமாஸ்தா. தொலைவிலுள்ள சிறு நிலையமொன்றில் சரக்கேற்றி இறக்குவதும் டிக்கட் விற்பதும் அவர் வேலை. மகளின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டு மனுப்போடுகிறார். காரணம் போதாது என்று துரை மறுத்துவிடுகிறார். பூஜை விடுமுறை வரையில் தள்ளி வைக்கலாமா என்று சம்பந்தி வீட்டைக் கேட்டால், அவர்களும் மறுக்கிறார்கள். இரண்டு மனுவும் தள்ளுபடியான பிறகு மனிதர் பேசாமல் சரக்கை நிறுத்துக்கொண்டும் டிக்கட் விற்றுக்கொண்டும் இருந்துவிடுகிறார். பின்னர், முரண்டு பிடித்த அந்தப் பெண் கணவனோடு படகேறிப் போய்ப் பார்க்கையில், கண்ணாடி விளக்கின் கீழ்ப் பெரிய தோல் அட்டைப் பேரேட்டை விரித்து வைத்து, வெற்றுடம்பாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார் ஈசானர். அங்கே கழிந்த சில நாட்களே அக்கதையில் அனைவரும் மகிழ்ந்திருக்கும் நாட்கள். கதையின் முடிவில் மிருண்மயி விரைவாகவே பக்குவப்பட்டு விடுகிறாள். அது சற்று அவசரம் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் லீவு கிடைக்காத ஈசானரை எழுதியவருக்கு எதையும் மன்னிக்கலாம். அந்தப் பெண் ஏன் அப்படி இருக்கிறாள் என்பதற்கு விடையில் ஒரு பாதி அந்தப் பேரேட்டில் உள்ளது.

சரத் சந்திரரோ தாமே குமாஸ்தா. ரங்கூனில் கணக்குத் துறை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டே, 1913-ஐ ஒட்டி ‘ராமேர் சுமதி’யை எழுதினார். ராமன் என்னும் அடங்காப்பிடாரிப் பையனை, தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்தவள் அண்ணி நாராயணி. அண்ணியின் தாய் திகம்பரி அவ்வீட்டுக்கு வந்து தங்கியதும் கலகம் தொடங்குகிறது. குளத்திலுள்ள இரு பெரிய மீன்களுக்குக் கார்த்திகன், கணேசன் என்று பெயரிட்டு உறவாடுகிறான் ராமன். அம்மீனில் ஒன்றைப் பிடிக்கச் செய்கிறாள் கிழவி. முரட்டுப் பிள்ளையின் மனத்தில் எங்கே கை வைத்தால் இரத்தம் வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ராமனுக்கு நற்புத்தி வந்த கதை என்பது தலைப்பின் பொருள். படித்து முடித்தால், புத்தி வரவேண்டியவர் பட்டியலில் அவன் பெயர் கடைசியில்தான் நிற்கிறது.

ஹிந்தியில் பிரேம்சந்த் 1930-களில் எழுதிய ‘படே பாயீ சாஹப்’ சிரிக்க வைத்துக்கொண்டே மனத்தை அறுப்பது. விடுதியில் தங்கிப் படிக்கும் இரு சகோதரர். மூத்தவனுக்குப் பதினான்கு, இளையவனுக்கு ஒன்பது. வகுப்பிலோ மூன்றே வித்தியாசம். மூத்தவன் ஓயாமல் படிக்கிறான், ஓயாமல் தோற்கிறான். தம்பி விளையாடிக்கொண்டே முதலாவதாகத் தேறுகிறான். ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் குறைந்து ஒரே ஒரு வகுப்பாகிறது. அண்ணனுடைய நோட்டுப் புத்தக ஓரங்களில் நாயும் பூனையும் வரைந்து கிடப்பதையும், பொருளற்ற சொற்கள் நிரம்பிக் கிடப்பதையும் தம்பி காண்கிறான். தோற்றவனுடைய அழுகை அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. வாயிலே வருவதெல்லாம் உபதேசம். எழுதியவர் பள்ளி ஆசிரியராகவும், பள்ளிகளை மேற்பார்வையிடும் உதவி ஆய்வாளராகவும் இருந்தவர். கணக்குப் பாடத்தில் திரும்பத் திரும்பத் தவறி, 1916-இல்தான் இன்டர்மீடியட் தேறியவர். 1899-இல் சுனாரில் மாதம் பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரிய வேலைக்கு அமர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. தோல்வியைப் பற்றி எழுத அவருக்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

வங்கக் கதை தமிழுக்குப் புதிதன்று. 1915-இல் வ. வே. சு. ஐயர் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ தாகூரின் படித்துறைக் கதையைத் தழுவியது என்பர். பாரதியார் தாகூரின் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கியிருக்கிறார். பின்னர் த. நா. குமாரஸ்வாமி போன்றோர் மூலத்திலிருந்தே நேராகத் தந்தார்கள். புலம்பெயர்ந்த நம் போன்றோரின் பிள்ளையை எழுதியவர் என்று கேட்டால் அசோகமித்திரனையே சொல்வோம். அவர் தந்தையார் ரயில்வே ஊழியர். செகந்தராபாத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, தந்தை இறந்தபின் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். 1977-இல் வந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ சிறுகதையன்று, நாவல். ஆயினும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சிறுகதையின் கட்டு அதற்குண்டு. 1947, 1948 ஆகிய ஆண்டுகளில் நிஜாம் சமஸ்தானத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் தமிழ்ப் பையன் சந்திரசேகரனுக்கு வீடு ஒரு மொழி, வீதி வேறு மொழி. எந்தப் பக்கத்திலும் முழுமையாகச் சேராதவன் அவன். அவன் குடியிருப்பின் வரிசை வீடுகளைப் படிக்கையில், கரக்பூரில் நம் வரிசையையே படிப்பதுபோல் இருக்கிறது.

இத்தனையும் ஏன் எழுதினோம் என்றால், சென்ற ஆண்டு நம் நூலகத்தில் நடந்த ஒரு விவாதத்தின் காரணமாகவே. சிறுவர் தட்டிலிருந்து இத்தகைய கதைகளை எடுத்துவிட வேண்டும் என்றார் அன்பர் ஒருவர். படிக் சாகிறான், நீலகாந்தன் திருடுகிறான், தாராபதன் ஓடிப்போகிறான். பிள்ளைகளுக்கு இதுவா பாடம் என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நம் குடியிருப்பிலேயே, மாற்றல் உத்தரவு வரும் என்ற அச்சத்தில் ஊரிலுள்ள பாட்டி வீட்டிலோ விடுதியிலோ விடப்பட்டு, விடுமுறைக்கு வரும்போது தகப்பனோடு நாலு வார்த்தை பேசாத பிள்ளைகள் உண்டு. தமிழ் எழுதத் தெரியாது என்று ஊரிலும், வங்காளி அல்லன் என்று இங்கேயும் கேலி கேட்டுக் கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கையில் சோகக் கதையைக் கொடுக்கலாமா?

ஞாயிறு மாலையில் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்தபோது, ‘சுட்டி’யைத் தமிழில் உரக்கப் படித்தோம். புத்தகம் தொலைந்த இடத்துக்கு வந்ததும், பின்வரிசையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், “அவன் ஏன் அம்மாவுக்கு எழுதவில்லை?” என்று கேட்டான். பெரியவர்கள் யாரும் விடை சொல்லவில்லை. அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன்தான் சொன்னான்: “என்ன என்று எழுதுவது?” பிறகு அவ்விருவரும் தமக்குள்ளே வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நாம் குறுக்கிடவில்லை. நியாயம் கேட்ட அன்பர் மறுநாள் நூலகத்துக்கு வந்து அப்புத்தகத்தைத் தம் பெயரில் பதிந்து எடுத்துச் சென்றார். திருப்பித் தரவேண்டிய நாள் கடந்து மூன்று வாரமாகிறது. தாமதக் கட்டணம் கேட்பதாக இல்லை.

கதைகள் தட்டை விட்டு இறங்கவில்லை. தாகூர் கதைகளின் தமிழாக்கம் இரண்டு தொகுதிகளும், வங்க எழுத்து அறிந்த பிள்ளைகளுக்காக மூலமாகிய ‘கல்பகுச்ச’மும், பிரேம்சந்தின் கதைத் தொகுப்பும், அசோகமித்திரனின் நாவலும் இரண்டாம் அலமாரியின் நடுத் தட்டில் உள்ளன. செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையில் நூலகம் திறந்திருக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குச் சந்தா கிடையாது; பெற்றோர் கையெழுத்தும் வேண்டியதில்லை.